பொங்கல் கோப்பைக்குப் பிறகு

பொங்கல் கபடிப் போட்டி முடிந்து மூன்று வாரம் கழித்து, மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊர் மைதானத்துக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மார்கழி முழுக்க இருபது பேர் விழுந்து புரண்ட களத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். மேலூர்ப் பக்கமானாலும், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமானாலும் அணியை நடத்துபவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வம் இல்லண்ணே."

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. ஆர்வம் என்பது ஒருவனிடம் இருப்பில் இருந்து, செலவழிந்து, தீர்ந்துபோகிற பொருள் அல்ல. சூழ்நிலைக்கு மனம் தருகிற பதில் அது. மார்கழிப் பனியில் ஐந்து மணிக்கு எழுந்து வந்த அதே பையன் மாசியில் வரவில்லை என்றால், இடையில் மாறியது என்ன என்றுதான் கேட்க வேண்டும். ஒரு குழுவில் மனிதர்கள் எப்போது முழுமூச்சாக உழைக்கிறார்கள், எப்போது கையைத் தளர்த்துகிறார்கள் என்பதை நூறு வருடத்துக்கும் மேலாக அளந்து பார்த்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளில் பல, விளையாட்டு வீரர்களை வைத்தே நடந்தவை. நம் ஊர் அணிகளை நடத்துபவர்களிடம் அவை வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பேசுவது சம்பளத்துக்கு ஆடுபவர்களைப் பற்றி அல்ல. பகலில் ஜவுளிக்கடையில் நிற்பவர், லோடுமேன், கொத்தனாருக்குக் கையாள், ஐடிஐ மாணவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று கலந்து கட்டிய அணி இது. மதுரை வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்தவரை, வந்து முழங்கால் சிராய்த்துக்கொள் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. வந்து நிற்பவர் தன் விருப்பத்தால் நிற்கிறார். அந்த விருப்பம் எதனால் வளர்கிறது, எதனால் வாடுகிறது என்று தெரிந்திருப்பது அணியை நடத்துபவருக்குக் கபடி தெரிந்திருப்பதற்குச் சமம்.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து, இழுவிசையைக் கருவியில் அளந்தார். முடிவுகளை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட மொத்த விசை கூடியது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவர் போட்ட பலம், அவரே தனியாக இழுத்தபோது போட்டதில் ஏறக்குறைய பாதிதான். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள் இருக்கும். எந்தக் கை இழுக்கிறது, எந்தக் கை தொட்டுக்கொண்டு மட்டும் வருகிறது என்று பார்ப்பவர் யாராலும் சொல்ல முடியாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் விசை வீணாகியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். 1974-ல் ஆலன் இங்கம் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அதைச் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்முனையில் நிறுத்தினார்கள். பின்னால் ஆட்கள் இழுப்பதாக அவரை நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் நின்றவர்கள் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. தாளம் தப்புவதற்கே வழியில்லாத அந்த ஏற்பாட்டிலும் முன்னால் நின்றவரின் விசை குறைந்தது. 1979-ல் பிப் லட்டானே குழுவினர் கைதட்ட வைத்தும் கூச்சலிட வைத்தும் இதையே கண்டார்கள். இது வேண்டுமென்றே செய்கிற ஏமாற்று அல்ல என்பதுதான் முக்கியம். குழுவுக்குள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால், நல்ல உழைப்பாளியின் உடம்பும் அவரைக் கேட்காமல் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்தும் அதே குழுவினரின் அடுத்த ஆய்வுகளில் கிடைத்தது. ஒவ்வொருவர் எழுப்பும் ஒலியும் தனித்தனியாக அளக்கப்படும் என்று தெரிந்தபோது தளர்ச்சி மறைந்தது. 1989-ல் கல்லூரி நீச்சல் வீரர்களை வைத்து அவர்கள் செய்த ஆய்வை நான் மிக மதிக்கிறேன். வீரர்கள் தனியாகவும் நீந்தினார்கள், தொடர் நீச்சல் அணியிலும் நீந்தினார்கள். அணியாக நீந்துகையில் தனிநபர் நேரத்தை அறிவிக்காதபோது, தனியாக நீந்தியதைவிட மெதுவாக நீந்தினார்கள். ஒவ்வொருவரின் நேரத்தையும் உரக்க அறிவித்தபோது, தனியாக நீந்தியதைவிட வேகமாக நீந்தினார்கள். குழு ஒன்றுதான், குளம் ஒன்றுதான். தன் பங்கு வெளியே தெரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் வேறுபாடு.

இதைக் கபடிக் களத்துக்குக் கொண்டுவருவோம். ஒரு பிடியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். எதிரணி ரெய்டர் நம் இடது மூலையை நோக்கிப் பாடி வருகிறார். நம் லெஃப்ட் கார்னர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இடுப்பையும் முன்காலையும்தான் பார்க்கிறார். போனஸ் கோட்டைத் தாண்ட ரெய்டர் காலை நீட்டி, உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறுகிற கணத்தில் கணுக்காலில் கை விழுகிறது. அதோடு வேலை முடியவில்லை. ரெய்டர் உடம்பை முறுக்கி நடுக்கோட்டுப் பக்கம் பாய்வார். அந்த வழியில் கவர் ஆட்டக்காரர் குறுக்கே வந்து தோளைக் கொடுத்து மறிக்க வேண்டும். இன்னொருவர் இடுப்பைக் கட்ட வேண்டும். எல்லாம் இரண்டு, மூன்று நொடி. மைக்கில் கார்னர் பெயரைச் சொல்லி "அருமையான பிடி" என்பார்கள். ஸ்கோர் தாளில் அணிக்குப் புள்ளி ஏறும். வழியை மறித்த கவருடைய பெயர் எங்கும் வராது.

பத்து ஆட்டம் இப்படிப் போனால் அந்தக் கவர் என்ன ஆவார்? வருவதை நிறுத்திவிட மாட்டார். அரை நொடி தாமதமாக வருவார். அந்த அரை நொடியில் ரெய்டரின் விரல் கோட்டைத் தொட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கார்னரின் பிடி சரியில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

ஊர் அணிகளுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் காரியம் ஒரு நோட்டுப் புத்தகம். பயிற்சி ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுதட்டும். ஒவ்வொரு பிடிக்கும் முதல் கை யாருடையது, வழியை மறித்தது யார், கூட வந்தது யார். ஒவ்வொரு ரெய்டுக்கும் தொட்டாரா, வெறுங்கையோடு திரும்பினாரா, பிடிபட்டாரா. வார இறுதியில் அவரவர் கணக்கை அவரவரிடம் காட்ட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. யார் முதலிடம், யார் கடைசி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பது வேறு. போன மாதம் நீ எங்கே இருந்தாய், இந்த மாதம் எங்கே இருக்கிறாய் என்று காட்டுவது வேறு. முதலாவது கடைசியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

குழு மனிதரைத் தளர்த்தும் என்றால், அதே குழு அவரிடமிருந்து அவருக்கே தெரியாத பலத்தை வெளியே கொண்டுவரவும் செய்யும். 1920-களில் பெர்லின் நகரத்துப் படகுச் சங்க உறுப்பினர்களை வைத்து ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் இதைக் கண்டார். ஓர் எடையைத் தாளத்துக்கு ஏற்பத் தூக்கி இறக்க வேண்டும், கை ஓயும்வரை. தனியாகவும் செய்தார்கள், இரண்டு பேர் சேர்ந்தும் செய்தார்கள். இருவரில் ஒருவர் விட்டுவிட்டால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டில் வலு குறைந்தவர், தனியாகத் தாங்கியதைவிட நீண்ட நேரம் தாங்கினார். தன்னால் அணி நிற்கக் கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம், பக்கத்தில் இருப்பவரை எட்டிப்பிடிக்கிற உந்துதல் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் உள்ள வலு வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் பலன் அதிகம். இருவரும் சமமாக இருந்தாலும், ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு இடைவெளி இருந்தாலும் பலன் குறைந்தது. பின்னாளில் அமெரிக்காவில் நீச்சல், ஓட்டத் தொடர் அணிகளின் நேரங்களை எடுத்துப் பார்த்தபோதும், அணியில் பின்தங்கியவர்களே தனி ஓட்டத்தைவிடத் தொடர் ஓட்டத்தில் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

கபடியில் தடுப்பவர்கள் கைகோத்து நிற்கும் சங்கிலி, கோலர் வைத்த சோதனையே உருவெடுத்து வந்ததுபோல இருக்கிறது. ரெய்டர் தப்பித்துக் கோட்டைத் தொட்டுவிட்டால் அவரைத் தொட்ட அத்தனை பேரும் அவுட். ஒருவர் கை நழுவினால் மூன்று பேர் வெளியே போக வேண்டும். இவ்வளவு அருமையான ஏற்பாட்டை ஆட்டத்தின் விதியே நமக்குக் கொடுத்திருக்கிறது. பயிற்சியில் நாம் அதைப் பாழடிக்கிறோம். புதிதாக வந்த பையனை ஊரின் நட்சத்திர ரெய்டருக்கு எதிரே நிறுத்துகிறோம். பத்து முறையும் அவன் கையில் காற்றுதான் சிக்குகிறது. அவனைவிட ஒரு படி மட்டும் மேலே இருப்பவரோடு ஜோடி சேர்த்து, இரண்டு பேரின் கணக்கையும் சேர்த்து எழுதினால் அவன் மறுநாளும் வருவான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றலாம்.

இனி பணத்துக்கு வருவோம். பொங்கல் போட்டியின் ஃபிளெக்ஸ் பேனரில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, உபயதாரர் பெயர்கள். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த ரெய்டுக்கு இவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பு. ஊர்ப்பெரியவர்கள் பாசத்தோடு கொடுக்கும் பணம் அது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பரிசு மனத்துக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை புகழ்பெற்றது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு பிரிவினர் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை அப்படியே இருந்தது.

பரிசு ஆசையைக் கொன்றுவிடும் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். 'நான் எதற்காக இதைச் செய்கிறேன்' என்ற கேள்விக்கு மனம் எழுதிக்கொள்ளும் விடையைப் பரிசு மாற்றிவிடுகிறது. கபடி பிடித்ததால் வந்தேன் என்றிருந்தது, கோப்பைக்காக வந்தேன் என்றாகிறது. கோப்பை முடிந்ததும் வருவதற்கான காரணமும் முடிந்துவிடுகிறது. மாசியில் மைதானம் காலியாவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நம்புகிறேன். தேர்வுக்காலம் இன்னொரு காரணம். படிப்புக்காக ஒதுங்குபவரைத் தடுக்கவும் கூடாது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இருவர் இந்தப் பாதையில் அரை நூற்றாண்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் மனிதர் ஒரு வேலையில் நீடிக்க மூன்று உணர்வுகள் வேண்டும் என்பது அவர்கள் கண்டது: இதை நானாகத் தேர்ந்தெடுத்தேன், இது எனக்குக் கைவருகிறது, இவர்கள் என் ஆட்கள். மூன்றாவது நம் ஊர் அணிகளில் தாராளமாக இருக்கிறது. மாமன், மச்சான், பங்காளி, ஒரே தெரு, ஒரே கோயில். முதல் இரண்டில்தான் கோட்டை விடுகிறோம். பயிற்சி எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை விடுமுறை, இந்த மாதம் எந்தப் பிடியைப் பழகுவது என்பதையெல்லாம் ஒரே ஆள் முடிவு செய்கிறார். கடை மூடி இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பையனிடம் காலையா மாலையா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலே அவன் பாதி வந்துவிடுவான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதுரைச் சீமையில் விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கனவு வேலை. ரயில்வே, போலீஸ், தமிழக அரசுப் பணியில் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளையிடம் போய், வேலையை நினைக்காதே, ஆட்டத்தின் ஆனந்தத்தை மட்டும் நினை என்று போதிப்பது அநியாயம். டெசியும் ரயானும்கூட அப்படிச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் நோக்கமானாலும், அதை ஒருவர் மனமார ஏற்றுத் தன்னுடையதாக்கிக்கொண்டால் நெடுநாள் தாங்கும் என்றே சொல்கிறார்கள். பிறர் தலையில் கட்டிய நோக்கம்தான் சீக்கிரம் அறுந்துபோகும். எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்காது என்ற உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டமிட்ட பயிற்சி, விளையாட்டில் மனிதருக்கு மனிதர் காணும் திறமை வேறுபாட்டில் சுமார் 18 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்று 2014-ல் புரூக் மக்னமாரா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். உடல்வாகு, தொடங்கிய வயது, சாப்பாடு, வாய்ப்பு என்று மிச்சம் எத்தனையோ. நேற்றைவிட இன்று நன்றாக ஆடுவதுதான் அணியில் எல்லோருக்கும் எட்டக்கூடியது.

அந்த முன்னேற்றமும் ஒரே சீராக வராது. புதிதாக வந்தவன் முதல் மாதத்தில் பாய்ந்து முன்னேறுவான். பிறகு மாதக்கணக்கில் நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். விட்டுப் போகிறவர்களில் பலர் இந்தச் சமதளத்தில்தான் விட்டுப் போகிறார்கள். 1897-லேயே தந்தி அடிப்பவர்களின் வேகத்தை வாரவாரம் அளந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் இந்தத் தேக்கத்தை வரைபடமாகக் காட்டினார்கள். தேக்கத்துக்குப் பிறகு வேகம் மறுபடி ஏறியதையும் காட்டினார்கள். 1959-ல் கிராஸ்மன் என்பவர் சுருட்டு சுற்றும் இயந்திரத்தில் வேலை பார்த்த தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, வருடக்கணக்கில் லட்சக்கணக்கான சுருட்டு சுற்றியவரின் கையும் மிகச் சிறிய அளவில் வேகம் கூடிக்கொண்டே வந்ததைக் கண்டார். முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகிவிடுகிறது.

இந்தத் தேக்க உணர்வில் மூளைக்கும் பங்கு உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பறிவியலாளர் குரங்குகளை வைத்து 1990-களில் செய்த சோதனைகளில், எதிர்பாராத பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துள்ளின. சாறு வரப்போகிறது என்பதைக் குரங்கு அறிந்துகொண்ட பிறகு, அதே சாற்றுக்கு அந்தத் துள்ளல் இல்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது என்ற வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் குறித்துக்கொள்கின்றன. குரங்கின் சோதனையிலிருந்து கபடிக் களத்துக்குத் தாவும்போது கவனம் வேண்டும். என்றாலும் பயிற்சியாளர்கள் எல்லோரும் கண்டறிந்த ஓர் உண்மைக்கு இது பொருந்தி வருகிறது: எளிதாகிவிட்ட பயிற்சி யாரையும் இழுப்பதில்லை.

எப்படிப் பழக வேண்டும் என்பதிலும் நாம் மாற வேண்டிய ஒன்று இருக்கிறது. வழக்கமாக என்ன செய்கிறோம்? கணுக்கால் பிடி இருபது முறை, பிறகு தொடைப்பிடி இருபது முறை, பிறகு இடுப்பைக் கட்டுவது இருபது முறை. பத்தாவது முறைக்குமேல் பிடி அழகாக விழும், எல்லோருக்கும் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்தப் பிடியைக் காணோம். 1986-ல் கூட், மகில் என்ற இருவர் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று வகை சர்வீஸ்களைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் வகை வகையாகப் பிரித்துப் பழகினார்கள், இன்னொரு பிரிவினர் கலந்து பழகினார்கள். பிறகு வைத்த தேர்வில், குறிப்பாகக் களத்தின் மறுபக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோது, கலந்து பழகியவர்கள் முந்தினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இருபது முறை ஒரே பிடியைப் போடும்போது முதல் முறை மட்டும்தான் மூளை முடிவெடுக்கிறது. மிச்சம் பத்தொன்பதும் அதன் நகல். ஆட்டத்தில் ரெய்டர் எந்தக் காலை நீட்டுவார், உதைப்பாரா, கையால் தொடுவாரா என்று சொல்லிவிட்டு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்து, புதிதாக முடிவெடுத்துப் பழகிய கார்னருக்குத்தான் அந்தக் கணம் வசப்படும். ஆனால் கலந்து பழகும்போது பயிற்சி பார்க்க மோசமாக இருக்கும். பிடி நழுவும், பையன்கள் சோர்வார்கள். நழுவுவதுதான் கற்பதன் அடையாளம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நழுவும்போது என்ன பேசுகிறோம் என்பது அடுத்தது. "உனக்கெல்லாம் எதுக்குடா கபடி" என்ற வசவைக் கேட்காமல் வளர்ந்த ஆட்டக்காரர் இந்தச் சீமையில் குறைவு. 1996-ல் குளூகர், டெநிசி என்ற இரு ஆய்வாளர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்தார்கள். செயலைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியாகப் பயன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்னதாலேயே செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின்மீது திரும்பும்போது கேடு விளைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "கை சீக்கிரம் போயிடுச்சு மாப்ள, எடை கால்ல இறங்குனப்புறம் போடு" என்றால் அவன் அடுத்த முறை செய்ய ஒரு வேலை இருக்கிறது. "உனக்கெல்லாம் எதுக்குடா" என்றால் யோசிக்க ஒன்றுதான் இருக்கிறது, வீட்டுக்குப் போகலாமா என்று. தாமதமாக வந்தவனைப் பத்து ரவுண்டு ஓடவிடுவதும் இதே ரகம்தான். ஓட்டம் தண்டனை என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, தெம்பு போதவில்லை என்று பிறகு குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பேசும் விதத்தை மாற்றுவதன் பலனை எண்ணிக்கையில் காட்டியவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மாலும். சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்களில் ஒரு பிரிவினருக்குச் சில மணி நேர வகுப்பு எடுத்தார்கள். நல்ல ஆட்டத்தையும் உழைப்பையும் உடனே பாராட்டுவது, தவறு செய்தவனைத் தேற்றிவிட்டுத் திருத்தம் சொல்வது, தண்டிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் பாடம். அடுத்த பருவத்தில் மற்ற அணிகளில் 26 சதவீதச் சிறுவர்கள் ஆட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். வகுப்புக்கு வந்த பயிற்சியாளர்களின் அணிகளில் 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஜெயித்ததால் தங்கவில்லை, நடத்தப்பட்ட விதத்தால் தங்கினார்கள்.

மதுரை மண்ணில் இவையெல்லாம் ஒன்றுகூடிய கதை ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணியுடையது. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரையும் தங்கையையும் வளர்த்தவர் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆரம்மாள். வயல்வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்க் கூலி வாங்கியவர். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று உறவினர்கள் சொன்னபோது மறுத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைக் கண்டுகொண்டவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் பேசிச் சம்மதம் வாங்கினார்; மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். 2016-ல் தேசிய ஜூனியர் போட்டியிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார்.

100, 200 மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தவர் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனதும், அங்கிருந்த பயிற்சியாளர் கலினா புகாரினா 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். கண்ணனும் அதற்கு உடன்பட்டார். சீடர் தன் கையை விட்டுப் போகிறாரே என்று பிடித்து வைக்காத அந்தக் குணம் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் வாய்ப்பதில்லை. 2021 ஜூலையில் நடந்த தகுதி ஓட்டத்தில் 53.55 நொடியில் ஓடி ரேவதி ஒலிம்பிக் அணிக்குள் வந்தார். ஜூலை 30 அன்று டோக்கியோவில் கலப்பு 4 x 400 தொடர் ஓட்டம். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். நேரம் 3 நிமிடம் 19.93 நொடி. அடுத்த சுற்றுக்குப் போக அது போதவில்லை. ஆனாலும் நால்வரின் பங்கும் நொடிக் கணக்கில் தெரிகிற, ஒருவர் தளர்ந்தால் நால்வரும் தளர்கிற ஓர் அணியில் சக்கிமங்கலத்துப் பெண் ஓடினார்.

கண்ணன் செய்த முதல் வேலை என்ன என்பதை அணியை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஊக்கப் பேச்சோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பெண்ணிடம் ஊக்கம் ஏற்கெனவே இருந்தது. பாட்டியின் சம்மதம், தங்க இடம், படிக்கக் கல்லூரி, இவைதான் இல்லாதிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

பெண் பிள்ளைகளின் அணிகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்தச் செய்தி வந்த பிறகு நம் ஊர்ப் பள்ளிகளிலும் கபடிக்குப் பெயர் கொடுத்த சிறுமிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி மூன்றாம் மாதம் வராமல் நின்றால், ஆர்வம் போய்விட்டது என்று எழுதி முடிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை இருக்கின்றன. பயிற்சி முடிந்து அவள் ஏற வேண்டிய டவுன் பஸ் எத்தனை மணிக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் விளக்கு எரிகிறதா, உடை மாற்ற ஓர் அறை உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பயிற்சி நேரத்தை அரை மணி முன்னே கொண்டுவருவதும், மனு எழுதிக்கொண்டு ஊராட்சி மன்றத்துக்கும் பஸ் டெப்போவுக்கும் நடப்பதும் அணியை நடத்துபவருடைய பயிற்சித் திட்டத்தில் சேர்ந்ததுதான்.